வெட்டுமுனையின் ஆயுளும் நிமிடத்தின் விலையும்: சென்னை மேற்குப் புறநகர்க் கடைசல் பட்டறைகளில் உகந்த வெட்டு அளவுகள்

1. கேள்வி

சென்னையின் மேற்குப் புறநகரான பருத்திப்பட்டுக்கு வடக்கே ஆவடி, கிழக்கே அம்பத்தூர், தெற்கே பூந்தமல்லி. இந்த வட்டாரத்தில் உலோகம் கடைவது அறுபது ஆண்டுகளைத் தாண்டிய தொழில். 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 1965இல் முதல் விஜயந்தா டாங்கி அங்கிருந்து வெளிவந்தது. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை உருவானது. அதே பத்தாண்டில் பாடியில் டிவிஎஸ் குழுமத்தின் வாகன உதிரிபாக ஆலைகள் எழுந்தன. பெரிய ஆலைகளுக்குப் புஷ், ஷாஃப்ட், பின், ஃபிளான்ஜ் என்று கடைந்து கொடுக்கும் சிறு பட்டறைகள் திருமுல்லைவாயல், திருமழிசை, காக்களூர் வரை பரவின. கைச்சக்கரம் சுழற்றி இயக்கிய லேத்துகளின் பக்கத்தில் இன்று சிஎன்சி லேத்துகள் ஓடுகின்றன. அதே சாலைகளின் ஓரத்தில் பொறியியல் கல்லூரிகளும் வரிசையாக நிற்கின்றன.

சிஎன்சி லேத்தில் ஓர் உருளையைக் கடையும்போது நிரல் எழுதுபவர் மூன்று எண்களைத் தீர்மானிக்கிறார். முதலாவது வெட்டு வேகம்: உலோகப் பரப்பு வெட்டுமுனையை ஒரு நிமிடத்தில் எத்தனை மீட்டர் கடக்கிறது என்பது. 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டை நிமிடத்துக்கு 200 மீட்டரில் கடைய ஸ்பிண்டில் ஏறத்தாழ 1,270 சுற்று சுற்ற வேண்டும். இரண்டாவது ஃபீட் எனப்படும் ஊட்டம்: ஒரு சுற்றுக்கு முனை நகரும் தொலைவு. மூன்றாவது வெட்டு ஆழம். இவற்றுக்கு எந்த எண்கள் உகந்தவை என்பதே கல்லூரியும் பட்டறையும் தனித்தனியே கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி. கல்லூரியின் விடை ஆய்வேட்டில் கிடக்கிறது, பட்டறையின் விடை நிரலில் ஓடுகிறது. ஒன்று மற்றொன்றைத் தொடுவது அரிது.

ஆய்வு பட்டறைக்கு எட்டாமல் போவதற்குச் சிறு தொழிலின் அறியாமையைக் காரணம் சொல்வது எளிது. இக்கட்டுரை அதை ஏற்கவில்லை. உகந்த வெட்டு வேகத்தைத் தீர்மானிப்பவை இரண்டு: வெட்டுமுனையின் ஆயுள், இயந்திர நிமிடத்தின் விலை. வழக்கமான கல்லூரி ஆய்வு இரண்டையும் அளப்பதில்லை. அளப்பதை எளிதாகக் கணக்கிட்டு விடலாம், கணக்கிட முடியாததை அளக்காமல் விடுகிறது. பட்டறை அந்த ஆய்வை ஒதுக்குவதற்குத் தக்க காரணம் இருக்கிறது என்பதே என் வாதம்.

2. ஒன்பது சோதனைகளின் வழக்கம்

இத்துறையின் ஆய்வேடுகளுக்கு ஒரு பழகிய வடிவம் உண்டு. ஈஎன்8 அல்லது ஈஎன்24 எஃகு, துருவேறா எஃகு 304, அலுமினியம் 6061 என ஏதேனும் ஓர் உலோகம். வேகம், ஊட்டம், ஆழம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலைகள். எல்9 என்ற அட்டவணைப்படி ஒன்பது சோதனைகள். பிறகு சொரசொரப்பும் உலோக நீக்க வீதமும் அளக்கப்படும், மாறுபாட்டுப் பகுப்பாய்வு நடக்கும், எந்தக் காரணி எத்தனை சதவீதம் பங்களிக்கிறது என்று இரண்டு தசம இலக்கம் வரை முடிவு வரும்.

இந்த முறையின் வேர்கள் நம் நாட்டில்தான் ஊன்றியிருக்கின்றன என்பது பெருமைக்குரியது. எல்9 போன்ற அட்டவணைகளுக்கு அடிப்படையான செங்குத்து அணிகள் என்ற கருத்தை 1940களில் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் வளர்த்தெடுத்தவர் சி. ஆர். ராவ், அவருடைய முக்கியக் கட்டுரை 1947இல் வந்தது. 1954–55இல் அதே நிறுவனத்துக்கு வருகைப் பேராசிரியராக வந்த ஜப்பானியப் பொறியாளர் கெனிச்சி தகுச்சி அந்த அணிகளைத் தொழிற்சாலைத் தரக்கட்டுப்பாட்டின் கருவியாக்கினார். 27 சேர்க்கைகளில் செய்ய வேண்டியதை 9இல் செய்து முடிக்கும் சிக்கனம், பொருளும் நேரமும் குறைந்த நாட்டுக்கு மதிப்புமிக்கது. அதன் விலையையும் சொல்லியாக வேண்டும். மூன்று காரணிகளை எல்9 அணியில் இட்டால், இரு காரணிகள் சேர்ந்து விளைவிக்கும் தாக்கம் தனிக் காரணிகளின் தாக்கத்தோடு பிரிக்க முடியாதபடி கலந்துவிடும். ஜார்ஜ் பாக்ஸ் உள்ளிட்ட புள்ளியியலாளர்கள் 1980களிலேயே இதைச் சுட்டிக்காட்டினார்கள். உலோக வெட்டிலோ வேகமும் ஊட்டமும் ஒன்றையொன்று பாதிப்பவை. ஆகவே இந்தக் கலப்பைச் சிறு குறை என்று தள்ளிவிட முடியாது.

இதைவிட அடிப்படையான குறை அளக்கப்படும் பொருளிலேயே இருக்கிறது. கடைந்த பரப்பின் சொரசொரப்பு, முதல் தோராயத்தில், வெறும் வடிவியல். ஊட்டத்தின் வர்க்கத்தை முனை ஆரத்தின் 32 மடங்கால் வகுத்தால் சராசரிச் சொரசொரப்பு கிடைக்கும். முனை ஆரம் 0.8 மில்லிமீட்டர், ஊட்டம் 0.2 மில்லிமீட்டர் என்றால் ஏறத்தாழ 1.6 மைக்ரான், ஊட்டத்தைப் பாதியாக்கினால் அதில் கால்பங்கு. அதிர்வும் முனைத் தேய்மானமும் இதற்கு மேல் கொஞ்சம் கூட்டும், அவ்வளவுதான். ஆகவே ‘சொரசொரப்பை மிகுதியாகப் பாதிப்பது ஊட்டமே’ என்ற முடிவு சோதனைக்கு முன்பே தெரிந்த ஒன்று. உலோக நீக்க வீதமோ இயற்பியல்கூட இல்லை, பெருக்கல்: வேகம், ஊட்டம், ஆழம் மூன்றையும் பெருக்கினால் வருவது. நிமிடத்துக்கு 200 மீட்டர், 0.2 மில்லிமீட்டர் ஊட்டம், 1 மில்லிமீட்டர் ஆழம் என்றால் நிமிடத்துக்கு 40 கன சென்டிமீட்டர். ஒரு பெருக்கற்பலனை மாறுபாட்டுப் பகுப்பாய்வுக்கு உட்படுத்தினால், ஆய்வாளர் தாமே தேர்ந்த மூன்று நிலைகளின் இடைவெளிதான் ‘பங்களிப்புச் சதவீதமாக’த் திரும்பி வரும்.

வெட்டுமுனை எத்தனை நிமிடம் தாங்கும் என்பது மட்டும் எந்த வடிவியலிலிருந்தும் வராது. உலோகத்தின் கடினம், அதற்குள் கிடக்கும் மாசு, இன்சர்ட் எனப்படும் மாற்றத்தக்க வெட்டுத்துண்டின் மேற்பூச்சு, கூலண்ட் போய்ச்சேரும் விதம், இயந்திரத்தின் விறைப்பு எல்லாம் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. அளந்தே அறிய வேண்டிய ஒன்று எதுவோ, அதுவே இந்த ஆய்வேடுகளில் பெரும்பாலும் இல்லாதது.

இதற்கு மாணவரைக் குறை கூறுவது நியாயமாகாது. ஒற்றைமுனைக் கடைசல் கருவிகளின் ஆயுள் சோதனைக்கான ஐஎஸ்ஓ 3685 தரநிலை, முனையின் பக்கவாட்டுத் தேய்மானம் சராசரியாக 0.3 மில்லிமீட்டரைத் தொடும்வரை வெட்டச் சொல்கிறது. நிமிடத்துக்கு 200 மீட்டர் வேகம், 0.2 மில்லிமீட்டர் ஊட்டம், 1.5 மில்லிமீட்டர் ஆழத்தில் 15 நிமிடம் வெட்டினாலே 7 கிலோ எஃகு சுருளாகிவிடும். நான்கு வேகங்கள், ஒவ்வொன்றிலும் மூன்று முறை என்றால் நூறு கிலோ அளவுக்கு எஃகும், பல மணி நேர இயந்திரமும், அவ்வப்போது நிறுத்தி நுண்ணோக்கியில் பார்க்கும் பொறுமையும் வேண்டும். ஒரு பருவத்துக்குள் சொந்தப் பணத்தில் செய்முறைத் திட்டம் முடிக்கும் மாணவரால் இது ஆகாது. ஒன்பது சிறு துண்டுகளைக் கடைந்து சொரசொரப்புமானியால் தடவிப் பார்ப்பது ஒரு நாளில் முடியும். எதை ஆராய்வது என்பதைக் காலமும் காசும் தீர்மானித்துவிடுகின்றன.

3. டெய்லரின் பாதை

முனை ஆயுளைத் தவிர்க்காமல் எதிர்கொண்ட முதல் பெரிய ஆய்வு ஃபிரெடரிக் டெய்லருடையது. 1880இல் மிட்வேல் எஃகு ஆலையில் தொடங்கி 26 ஆண்டுகள் நடந்த சோதனைகளை அவர் 1906இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் கழகத்தின் முன் வைத்தார். பதிவான சோதனைகள் 30,000க்கும் 50,000க்கும் இடையே. சீவித் தள்ளிய உலோகம் 8 லட்சம் பவுண்டு, அதாவது 360 டன்னுக்கு மேல். அவர் கண்ட உறவு எளியது: முனை ஆயுளை ஒரு குறிப்பிட்ட அடுக்குக்கு உயர்த்தி வெட்டு வேகத்தால் பெருக்கினால் மாறா எண் வரும். கார்பைடு இன்சர்ட் எஃகை வெட்டும்போது அந்த அடுக்கைப் பாடநூல்கள் 0.25ஐ ஒட்டிக் கொள்கின்றன. அதன்படி வேகத்தை 20 சதவீதம் கூட்டினால் முனையின் ஆயுள் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். 20 சதவீதம் குறைத்தால் ஏறத்தாழ இரண்டரை மடங்காகும்.

டெய்லரின் நோக்கம் பொறியியலோடு நிற்கவில்லை. தொழிலாளியின் கையிலும் காதிலும் இருந்த வேக அறிவைத் திட்ட அலுவலகத்துக்குக் கொண்டுபோவதே அவர் விரும்பியது. அதற்காகவே அவருடைய கூட்டாளி கார்ல் பார்த் தனி நழுவுகோல் ஒன்றை வடிவமைத்தார். 1952இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம் காட்சிப்படுத்திய எண்வழிக் கட்டுப்பாட்டு இயந்திரம் அந்த நோக்கத்தின் தொடர்ச்சியே என்று வரலாற்றாசிரியர் டேவிட் நோபிள் 1984இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். அந்த வாதம் முழுவதையும் ஏற்கத் தேவையில்லை. ஆனால் நிரலில் எந்த எண் எழுதியிருந்தாலும், சிஎன்சி பேனலில் ஃபீட் ஓவர்ரைடு குமிழ் இன்றும் ஆபரேட்டரின் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. சீவல் வைக்கோல் நிறத்திலிருந்து நீலத்துக்கு மாறுவதையும், வெட்டும் ஓசை கரகரப்பதையும் கண்டு குமிழைத் திருப்புபவர் அவர்தான். நூறாண்டு முயற்சிக்குப் பிறகும் அந்த அறிவு அலுவலகத்துக்கு முழுதாக இடம் மாறவில்லை.

4. நிமிடத்தின் விலை

முனை ஆயுள் தெரிந்த பிறகும் உகந்த வேகம் எது என்பது தெரியாது. வேகமாக வெட்டினால் இயந்திர நேரம் மிச்சம், முனைகள் செலவு. மெதுவாக வெட்டினால் முனைகள் மிச்சம், நேரம் செலவு. இரண்டையும் ஒரே நாணயத்தில் எண்ண வேண்டும். இந்தப் பொருளாதாரக் கணக்கை டபிள்யூ. டபிள்யூ. கில்பர்ட் 1950இல் ஒழுங்குபடுத்தினார். முனை மாற்றும் நேரத்தோடு, முனையின் விலையை இயந்திர நிமிடத்தின் விலையால் வகுத்து வருவதைக் கூட்ட வேண்டும். அடுக்கு 0.25 என்றால் அந்தக் கூட்டுத்தொகையின் மூன்று மடங்கே செலவு மிகக் குறையும் முனை ஆயுள்.

விளக்கத்துக்காகச் சில எண்களைக் கொள்வோம். சிஎன்எம்ஜி 120408 வகை இன்சர்ட்டில் நான்கு முனைகள் உண்டு. இன்சர்ட்டின் விலை 320 ரூபாய் என்றால் ஒரு முனை 80 ரூபாய். முனை மாற்ற 2 நிமிடம். பட்டறையின் இயந்திர மணி 400 ரூபாய் என்று வைத்தால் நிமிடம் 6 ரூபாய் 67 காசு. முனை ஒன்றின் விலை 12 இயந்திர நிமிடங்களுக்குச் சமம். உகந்த ஆயுள் 42 நிமிடம். அதே இன்சர்ட், அதே எஃகு, ஆனால் இயந்திர மணி 1,200 ரூபாய் என்றால் முனையின் விலை 4 நிமிடமாகச் சுருங்கும். உகந்த ஆயுள் 18 நிமிடம். உகந்த வேகம் 24 சதவீதம் கூடும். செலவைப் பாராமல் மணிக்கு எத்தனை உருப்படி என்று மட்டும் பார்த்தால் ஆயுள் 6 நிமிடம்தான். ஆக, ஒரே தண்டுக்கு மூன்று உகந்த வேகங்கள், மூன்றும் சரியானவை. உலோகமும் இயந்திரமும் மாறவில்லை. மாறியது பணமும் நோக்கமும்.

இங்கேதான் பட்டறையை நோக்கிச் சொல்லப்படும் பழிக்கு விடை கிடைக்கிறது. இன்சர்ட் நிறுவனங்களின் கையேடு சொல்லும் வேகத்தைவிடக் குறைந்த வேகத்தில் சிறு பட்டறைகள் ஓட்டுகின்றன, இயந்திரத்தின் திறனை வீணாக்குகின்றன என்பது அடிக்கடி எழும் குற்றச்சாட்டு. சாண்ட்விக் கோரமண்ட் போன்ற நிறுவனங்களின் வேக அட்டவணைகள் 15 நிமிட முனை ஆயுளை அடிப்படையாகக் கொண்டவை. அதைக் கையேடே சொல்கிறது, ஆயுளை 45 நிமிடமாக்க வேகத்தை 0.75ஆல் பெருக்கும்படி திருத்தக் காரணியும் தருகிறது. 15 நிமிடம் என்பது இயந்திர நிமிடம் விலையேறிய நாட்டின் கணக்கு. இன்சர்ட்டின் விலை உலகச் சந்தையை ஒட்டியும், இயந்திர மணியின் விலை அம்பத்தூர் ஜாப் ஒர்க் சந்தையை ஒட்டியும் அமையும்போது, மேலே கண்ட 42 நிமிடக் கணக்கில் கையேட்டு வேகத்தைவிட 23 சதவீதம் குறைந்த வேகமே உகந்தது. கையேட்டு வேகத்தில் ஓட்டினால் வெட்டோடு தொடர்புடைய செலவு 12 சதவீதம் அளவுக்குக் கூடும். வாய்ப்பாடு தெரியாமலே மெதுவாக ஓட்டும் ஆபரேட்டர், வாய்ப்பாடு சொல்லும் இடத்தில்தான் நிற்கிறார்.

5. மறுப்புகள்

முதல் மறுப்பு வலுவானது. இயந்திரத்துக்கு வங்கித் தவணை கட்டும் பட்டறையில், கையில் ஆர்டர்கள் வரிசையாகக் காத்திருந்தால், ஒரு நிமிடத்தின் விலை வாடகை விலை அல்ல; அந்த நிமிடத்தில் ஈட்டியிருக்கக்கூடிய வருமானம். அப்போது உகந்த ஆயுள் 42இலிருந்து 18ஐ நோக்கி, சில நாட்களில் 6ஐ நோக்கிக்கூட இறங்கும். இதை முழுமையாக ஏற்கிறேன். இது என் வாதத்தைக் கூர்மையாக்குகிறதே தவிர உடைக்கவில்லை: ஆர்டர் குறைந்த மாதத்துக்கு ஒரு வேகமும் நெருக்கடி மாதத்துக்கு வேறு வேகமும் உகந்தவை. ஒரே ஓர் எண்ணை ‘உகந்தது’ என்று அறிவிக்கும் ஆய்வேடு இரண்டு மாதங்களில் ஒன்றிலாவது தவறாகத்தான் இருக்கும்.

மெதுவாக ஓட்டுவது எப்போதும் பாதுகாப்பானதா என்றால், அதுவும் இல்லை. வேகம் ஓர் அளவுக்குக் கீழே போனால் எஃகு வெட்டுமுனையில் ஒட்டி அடுக்காகச் சேர்ந்து பரப்பைக் கெடுக்கும், பெயரும்போது முனையையும் பிய்த்துக்கொண்டு போகும். டெய்லரின் கோடு அந்தப் பகுதியில் செல்லாது. கீழெல்லை எங்கே என்பதும் அளந்து அறிய வேண்டியதே.

மரபணு நெறிமுறை, செயற்கை நரம்பு வலையமைப்பு, சாம்பல் உறவுப் பகுப்பாய்வு போன்ற புதிய முறைகள் பல நோக்கங்களை ஒன்றாகக் கையாள்கின்றனவே என்பது அடுத்த மறுப்பு. இவை தேடும் கருவிகள். சொரசொரப்புக்கு 0.5, நீக்க வீதத்துக்கு 0.5 என்று எடை கொடுத்தால் அந்த எடைகளுக்கு உகந்த புள்ளியைப் பழுதில்லாமல் கண்டுபிடிக்கும். ஆனால் அந்த 0.5 எங்கிருந்து வந்தது? வரைபடத்தில் 1.6 மைக்ரான் கேட்டிருந்தால் 1.5 போதும், 0.8க்குக் கொண்டுபோவதற்கு வாடிக்கையாளர் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தரமாட்டார். சொரசொரப்பு இங்கே மீறக்கூடாத வரம்பு. அதை மேன்மேலும் குறைக்க வேண்டிய இலக்காக எழுதிய கணமே கணக்கு பட்டறையை விட்டு விலகிவிடுகிறது, தேடும் நெறிமுறை எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும்.

வெட்டும் நேரத்துக்கே இவ்வளவு முக்கியத்துவம் தகுமா என்பதையும் கேட்க வேண்டும். 50 உருப்படிகள் கொண்ட சிறு ஆர்டரில் செட்டிங்குக்கு 60 நிமிடம் ஆகிறது, உருப்படி ஒன்றை வெட்ட 2 நிமிடம் ஆகிறது என்று கொள்வோம். வேகத்தை 10 சதவீதம் கூட்டினால் உருப்படிக்கு 11 விநாடி மிச்சம். செட்டிங்கை 45 நிமிடத்தில் முடித்தால் உருப்படிக்கு 18 விநாடி மிச்சம், முனைச் செலவு கூடாமலே. சிறு ஆர்டர்களால் வாழும் பட்டறைக்கு வேக உகப்பைவிட செட்டிங் நேரமே முதல் கேள்வி. இக்கட்டுரையின் வாதம் ஆயிரக்கணக்கில் ஓடும் தொடர் ஆர்டர்களுக்கே பொருந்தும் என்ற எல்லையை ஒப்புக்கொள்கிறேன். அம்பத்தூர், பாடி வாகன உதிரிபாகத் தொழிலில் அத்தகைய தொடர் ஆர்டர்கள் உண்டு.

6. பட்டறைக்குள் ஒரு சோதனை

இந்தக் கணக்கில் இதுவரை சொல்லாத ஒரு கூறு உண்டு. எனக்கு அதுவே மிகவும் பயனுள்ளதாகப் படுகிறது. செலவுக் கோடு உகந்த புள்ளியைச் சுற்றி மிகத் தட்டையானது. அடுக்கு 0.25 என்ற கணக்கில், உகந்த வேகத்திலிருந்து 10 சதவீதம் இப்பக்கமோ அப்பக்கமோ விலகினால் வெட்டோடு தொடர்புடைய செலவு 1.5 சதவீதம்தான் கூடும். 20 சதவீதம் விலகினால் 6 சதவீதம் அளவில். ஆகவே உகந்த வேகத்தைத் தசம இலக்கத்தில் தேடுவது வீண். அதே தட்டைத்தன்மைக்கு இன்னொரு பொருளும் உண்டு: ஓடிக்கொண்டிருக்கும் உற்பத்தியிலேயே வேகத்தைச் சிறிது மாற்றிப் பார்ப்பதற்கு ஏறத்தாழச் செலவே இல்லை. ஜார்ஜ் பாக்ஸ் 1957இல் வேதித் தொழிலை மனத்தில் கொண்டு முன்வைத்த ‘படிமுறை இயக்கம்’ இந்த அடிப்படையில் எழுந்ததே. உற்பத்தியை நிறுத்தாமல், சிறு மாற்றங்களை முறையாகச் சுழற்றி, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் தகவலையும் உற்பத்தி செய்வது அது.

கல்லூரிக்குக் கட்டுப்படியாகாத நூறு கிலோ எஃகைப் பட்டறை எப்படியும் வெட்டத்தான் போகிறது. தேவைப்படுவது ஒரு குறிப்பேடு. ஒரு தொடர் ஆர்டரில் ஒரு முனை நிமிடத்துக்கு 160 மீட்டரிலும் அடுத்த முனை 190 மீட்டரிலும் மாறி மாறி ஓடட்டும். முதலில் சொன்ன வேகத்தில் உருப்படி ஒன்றுக்கு 15 விநாடி வெட்டு, முனைக்கு 120 உருப்படி என்று வந்தால் ஆயுள் 30 நிமிடம். 190இல் 72 உருப்படி வந்தால் ஆயுள் 15 நிமிடம். இந்த இரண்டு எண்ணிக்கைகளிலிருந்தே அடுக்கு 0.25 என்று கணக்கிட்டுவிடலாம். உருப்படி எண்ணும் வசதி கன்ட்ரோலிலேயே உண்டு.

பட்டறைத் தரவு அழுக்கானது, எஃகு லாட் மாறும், ஷிப்ட் மாறும், முனை உண்மையில் தேயுமுன்பே பழக்கத்தால் மாற்றப்படும் என்று புள்ளியியலாளர் தயங்கலாம். அந்தத் தயக்கத்துக்கு விடை அவருடைய துறையிலேயே இருக்கிறது: ஒரே லாட் எஃகுக்குள், ஒரே ஷிப்டுக்குள் இரண்டு வேகங்களையும் ஒப்பிட்டால் லாட்டின் வேறுபாடும் ஷிப்டின் வேறுபாடும் ஒப்பீட்டிலிருந்து விலகும். எந்த வேகம் முதலில் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கலாம். மிஞ்சும் சிதறலை நீக்க வேண்டியதில்லை, அதையும் அளக்க வேண்டும். ஒரே வேகத்தில் ஒரு முனை 120 உருப்படியும் அடுத்தது 80உம் தந்தால், முனையை எப்போது மாற்றுவது என்ற முடிவு சராசரியைவிட அந்தச் சிதறலையே சார்ந்தது. ராவ், தகுச்சி வழிவந்த மரபின் திறன் ஒன்பது மாதிரித் துண்டுகளைவிட இங்கே நன்றாகப் பயன்படும். மாணவருக்கும் ஒரு பருவம் போதும், ஏனென்றால் வெட்டுவது பட்டறை, எண்ணுவதும் பகுப்பதும் மட்டுமே அவர் வேலை.

இதில் ஒரு நிபந்தனையைத் தவிர்க்க முடியாது. முனை எப்போது ஓய்ந்தது என்று குறிப்பேட்டில் எழுதப்போகிறவர் ஆபரேட்டர். அவர் எழுதும் எண்கள் அடுத்த மாதம் கூடுதல் டார்கெட்டாக அவர்மீதே திரும்பும் என்றால், உடைந்த முனைக்கு அவர் சம்பளத்தில் பிடித்தம் நடக்கும் என்றால், எந்த ஆபரேட்டரும் உள்ளதை உள்ளபடி எழுதமாட்டார்; அந்தத் தரவின்மேல் கட்டிய கணக்கும் நிற்காது. ஆகவே சோதனைக் காலத்தில் டார்கெட் மாறாது, முனைக்கான பிடித்தம் இராது, மிச்சமாகும் செலவில் ஆபரேட்டருக்கு எவ்வளவு பங்கு ஆகியவற்றை உரிமையாளர், ஆபரேட்டர், கல்லூரி மூவரும் ஆர்டர் ஏறுமுன் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஒப்பந்தத்தையும் வேகம், ஊட்டம், ஆழம் ஆகியவற்றோடு சேர்த்து ஆய்வேட்டின் முறையியல் பகுதியில் பதிய வேண்டும்.